மூலநிரல் இயங்கு நிரலாகும் வழி

யூனிக்ஸ் உலகில் மென்பொருள் நெடுங்காலம் மூலநிரலாகவே கைமாறியது. சி மொழியில் எழுதிய கோப்புகளும் அவற்றைக் கட்டும் முறையைச் சொல்லும் குறிப்பும் ஒரு காந்த நாடாவில் வந்து சேரும். பெற்றவர் தம் கணினியிலேயே கம்பைல் செய்து, அந்தக் கணினிக்கு ஏற்ற இயங்கு நிரலை உண்டாக்கிக்கொள்வார். நாடா போய் இணையம் வந்த பிறகும் வழக்கம் மறையவில்லை. லினக்ஸ் கணினியில் ஒரே கட்டளையில் வந்து இறங்கும் மென்பொருளும் எங்கோ ஓர் இயந்திரத்தில் இதே முறையில் கட்டப்பட்டதுதான்.

இந்த வழக்கத்துக்கு இரண்டு வேர்கள் உண்டு. முதலாவது சட்டம். 1956இல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஏடி அண்ட் டி நிறுவனம் தொலைபேசி சாராத தொழிலில் இறங்க முடியாது. அதன் பெல் ஆய்வகத்தில் 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ், விற்பனைச் சரக்காக வெளிவராமல் பல்கலைக்கழகங்களுக்குச் சிறு தொகைக்கு உரிமம் அளிக்கப்பட்டது. மூலநிரல் முழுதாக வந்தது. பழுதுபார்க்கும் உதவி எதுவும் வரவில்லை. பழுதைத் தாமே கண்டு திருத்தி, திருத்தியதைத் தாமே கம்பைல் செய்வதைத் தவிர வேறு வழி அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு இருக்கவில்லை.

இரண்டாவது வேர், கணினிகளின் பன்மை. ஒரு பிராசஸரின் இயந்திர மொழி இன்னொன்றுக்குப் புரியாது. 1973இல் யூனிக்ஸின் கர்னல் சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. பிடிபி-11 கணினியில் ஓடிய அதே இயங்குதளத்தை, 1977 வாக்கில் முற்றிலும் வேறுபட்ட இன்டர்டேட்டா 8/32 கணினிக்கு பெல் ஆய்வகத்தார் கொண்டுபோனார்கள். பிறகு வாக்ஸ், மோட்டரோலா 68000, ஸ்பார்க், மிப்ஸ் என்று யூனிக்ஸ் ஓடும் பிராசஸர்கள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இயங்கு நிரல் அனுப்புவதைவிட, எல்லாவற்றுக்கும் பொதுவான மூலநிரலை அனுப்புவதே நடக்கக்கூடிய காரியமாக இருந்தது.

ஒரு மூலநிரல் எப்படி இயங்கு நிரலாகிறது என்பதைப் பார்க்க, அளவில் சிறிய, ஆனால் உலகெங்கும் பயன்படும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வது நல்லது. லுவா அதற்குப் பொருத்தமானது. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் உருவான நிரல்மொழி இது. அதன் 5.4 பதிப்பின் சுருக்கப்பட்ட டார் கோப்பு 400 கிலோபைட்டுக்கும் குறைவு. விரித்துப் பார்த்தால் அறுபது சொச்சம் சி கோப்புகளும் ஹெடர் கோப்புகளும், இரண்டு மேக்ஃபைல்களும், கையேடும் இருக்கும். இன்றைய மடிக்கணினியில் அது சில நொடிகளில் கட்டி முடிந்துவிடும். அந்தச் சில நொடிகளுக்குள் நடப்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

நான்கு படிகள்

‘கம்பைல் செய்வது’ என்று ஒரே சொல்லில் சொன்னாலும், உள்ளே நான்கு தனிப் படிகள் வரிசையாக நடக்கின்றன. பயனர் அழைப்பது ‘சிசி’ அல்லது ‘ஜிசிசி’ என்ற ஒரே கட்டளையை. அது ஒரு மேற்பார்வையாளர் மட்டுமே. உரிய நிரல்களை உரிய வரிசையில் கூப்பிட்டு வேலை வாங்குகிறது.

முதலில் வருவது முன்செயலி. சி கோப்பில் ‘#’ குறியுடன் தொடங்கும் வரிகள் எல்லாம் அதற்கான உத்தரவுகள். ஒரு ஹெடர் கோப்பைச் சேர்க்கச் சொன்னால், அந்தக் கோப்பின் உரையை அப்படியே எடுத்து அந்த இடத்தில் ஒட்டிவிடும். ஒரே ஒரு வாக்கியத்தைத் திரையில் அச்சிடும் ஐந்து வரி நிரல்கூட, லினக்ஸில் இந்தப் படியைத் தாண்டும்போது சில நூறு வரிகளாக வீங்கிவிடுகிறது. அந்தச் சில நூறு வரிகளும் கட்டப்படும் கணினியில் ஏற்கெனவே இருந்தவை. ஆசிரியர் எழுதி அனுப்பிய உரை ஒன்றே ஆனாலும், கம்பைலர் படிக்கும் உரை கணினிக்குக் கணினி வேறுபடுகிறது. பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பவை.

அடுத்தது கம்பைலர் என்ற பெயருக்கு உண்மையில் உரியது. உரையைச் சொற்களாகப் பிரிக்கிறது. சொற்களை இலக்கணப்படி அடுக்கி ஒரு மரவடிவ அமைப்பாக்குகிறது. எண்ணைக் கேட்கும் இடத்தில் எண்தான் வருகிறதா, மாறிகள் அறிவிக்கப்பட்டிருக்கின்றனவா என்று சரிபார்க்கிறது. பிறகு அந்த மரத்தை எளிய இடைநிலை வடிவத்துக்கு மாற்றி, அதன் மீது மேம்படுத்தல் என்ற பெரிய வேலையைத் தொடங்குகிறது. எட்டால் பெருக்க வேண்டிய இடத்தில் பிட்டுகளை மூன்று இடம் நகர்த்தினால் போதும். விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கை இப்போதே போட்டு விடையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். யாரும் எட்டமுடியாத வரிகளை நீக்கிவிடலாம். கடைசியில், நூற்றுக்கணக்கான மாறிகளைப் பிராசஸரின் விரல்விட்டு எண்ணக்கூடிய ரெஜிஸ்டர்களில் யார் எப்போது இருப்பது என்று பங்கிட வேண்டும். இத்தனையும் எவ்வளவு தீவிரமாக நடக்க வேண்டும் என்பதை ‘-ஓ2’ போன்ற தேர்வுகள் சொல்கின்றன.

மேம்படுத்தல் எழுதியவர் எதிர்பாராத இடத்துக்கும் போகும். சி மொழியின் விதிகளின்படி வெற்றுச் சுட்டி வழியாக நினைவகத்தைத் தொடுவது வரையறுக்கப்படாத செயல். ஆகவே ஒரு சுட்டியை நிரல் ஒருமுறை பயன்படுத்திவிட்டால், அது வெற்றாக இருக்க வழியே இல்லை என்று கம்பைலர் முடிவுகட்டலாம். 2009இல் லினக்ஸ் கர்னலின் ‘டன்’ என்ற பிணைய இயக்கியில் இதுவே நடந்தது. சுட்டியை முதலில் பயன்படுத்திவிட்டு, அது வெற்றா என்ற சோதனையை அடுத்த வரியில் எழுதியிருந்தார்கள். சோதனை தேவையற்றது என்று ஜிசிசி அதை நீக்கிவிட்டது. மூலநிரலைப் படித்தவர் கண்ணில் சோதனை இருக்கிறது. ஓடும் கர்னலில் அது இல்லை. அந்த இடைவெளி வழியாகக் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. அதற்குப் பிறகு, வெற்றுச் சுட்டிச் சோதனைகளை நீக்கக் கூடாது என்ற தேர்வைக் கொடுத்தே கர்னலைக் கட்டுகிறார்கள். கம்பைலருக்குக் கொடுக்கும் தேர்வுகளும் நிரலின் பொருளில் சேர்ந்தவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மூன்றாவது படி அசெம்ப்ளர். கம்பைலர் எழுதித்தந்த அசெம்பிளி உரையை அது எண்களாக மாற்றுகிறது. வெளிவருவது ஆப்ஜெக்ட் கோப்பு. லுவாவில் ‘எல்விஎம்.சி’ என்ற கோப்பிலிருந்து ‘எல்விஎம்.ஓ’ என்ற ஆப்ஜெக்ட் கோப்பு பிறக்கும். அதில் இயந்திர மொழி இருக்கும், ஆனால் முழுமையாக இருக்காது. அந்தக் கோப்பு வேறொரு கோப்பில் உள்ள ஃபங்ஷனை அழைத்தால், அதன் முகவரி இன்னும் தெரியாது. அந்த இடம் வெற்றாக விடப்பட்டு, ‘இங்கே இன்ன பெயரின் முகவரியை நிரப்பவும்’ என்ற குறிப்பு தனிப் பட்டியலில் எழுதப்படும்.

அந்த வெற்றிடங்களை நிரப்புவது நான்காவது படியான லிங்கர். ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பும் தன்னிடம் உள்ள பெயர்கள் எவை, தனக்குத் தேவையான பெயர்கள் எவை என்று இரண்டு பட்டியல்களைத் தருகிறது. லிங்கர் எல்லாக் கோப்புகளையும் ஓர் ஒழுங்கில் அடுக்கி, ஒவ்வொரு பெயருக்கும் முகவரி கொடுத்து, வெற்றிடங்களை நிரப்பி, ஒரே இயங்கு கோப்பாக்குகிறது. பெயர் எதுவும் சொல்லாவிட்டால் அந்தக் கோப்புக்கு ‘ஏ.அவுட்’ என்று பெயர் வைக்கும். இது யூனிக்ஸின் தொடக்க நாட்களிலிருந்து மாறாமல் இருக்கிறது. கோப்பின் உள்ளமைப்பு மட்டும் மாறிவிட்டது. லினக்ஸிலும் யூனிக்ஸின் பிஎஸ்டி குடும்பத்திலும் இன்று இருப்பது, ஏடி அண்ட் டியின் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் நான்காம் வெளியீட்டோடு வந்த ‘எல்ஃப்’ அமைப்பு.

கம்பைல் செய்யத் தொடங்குபவர் முதலில் மோதிக்கொள்வது பெரும்பாலும் லிங்கரோடுதான். லினக்ஸில் வர்க்கமூலம் காணும் ஃபங்ஷனை அழைத்துவிட்டு, கணித லைப்ரரியைச் சேர்க்கும் ‘-எல்எம்’ என்ற தேர்வைக் கொடுக்க மறந்தால், அந்தப் பெயர் எங்கும் இல்லை என்று லிங்கர் நிறுத்திவிடும். கம்பைலர் குறைசொல்லாத நிரலை லிங்கர் ஏன் மறுக்கிறது என்று திகைப்பவர்கள் உண்டு. ஹெடர் கோப்பு ஒரு ஃபங்ஷன் இருப்பதாக வாக்குக் கொடுக்கிறது. அந்த ஃபங்ஷனின் உடல் லைப்ரரியில் இருக்கிறது. கம்பைலருக்கு வாக்குப் போதும், லிங்கருக்கு உடல் வேண்டும். கட்டளை வரியில் லைப்ரரிகள் நிற்கும் வரிசையும் முக்கியம். ‘.ஏ’ என்று முடியும் லைப்ரரியைத் திறக்கும்போது, அதுவரை தேடப்பட்டுக்கொண்டிருக்கும் பெயர்களுக்கு உரியவற்றை மட்டும் லிங்கர் எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். ஆகவே கேட்பவர் முன்னும் கொடுப்பவர் பின்னும் நிற்க வேண்டும்.

லைப்ரரியை நிரலுக்குள்ளேயே பதிப்பது ஒரு முறை. பகிர்வு லைப்ரரி இன்னொரு முறை. 1988இல் சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4 இதை யூனிக்ஸில் பரவலாக்கியது. இதில் லைப்ரரியின் பெயர் மட்டுமே நிரலில் எழுதப்படும். நிரலை ஓட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு ஏற்றி நிரல் அந்த லைப்ரரியைத் தேடிப் பிடித்து இணைக்கும். நினைவகமும் வட்டும் மிச்சமாவது இதன் சிறு பயன். பெரும் பயன் 2014 ஏப்ரலில் தெரிந்தது. ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெரும் ஓட்டை வெளிவந்தபோது, பகிர்வு லைப்ரரியை மாற்றி நிரல்களை மறுபடி தொடங்கியவர்கள் தப்பினார்கள். லைப்ரரியைத் தமக்குள் பதித்துக்கொண்ட நிரல்கள் ஒவ்வொன்றையும் தேடி எடுத்து மீண்டும் கட்ட வேண்டியிருந்தது.

மேக்

அறுபது கோப்புகளுக்கும் கையால் கட்டளை கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எழுதிவிடலாம். ஆனால் ஒரு கோப்பில் ஒரு வரியை மாற்றினாலும் அறுபதும் மறுபடி கம்பைல் ஆகும். பழைய கணினிகளில் அது மணிக்கணக்கான காத்திருப்பு. மாற்றியவற்றை மட்டும் நினைவாகக் கம்பைல் செய்யலாம் என்றால், மறதி குறுக்கே வரும். பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன், ஏற்கெனவே சரிசெய்துவிட்ட ஒரு நிரலில் பிழையைத் தேடி ஒரு காலை முழுவதும் வீணாக்கினார். மூலநிரல் திருத்தப்பட்டிருந்தது, பழைய ஆப்ஜெக்ட் கோப்பே தொடர்ந்து இணைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் சலிப்போடு இதைச் சொல்லக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், 1976இல் எழுதிய கருவிதான் ‘மேக்’.

மேக்ஃபைலில் ஒவ்வொரு விதியும் மூன்றைச் சொல்கிறது: எதை உண்டாக்க வேண்டும், அது எந்தக் கோப்புகளைச் சார்ந்தது, எந்தக் கட்டளையால் உண்டாகிறது. இந்த விதிகளிலிருந்து மேக் ஒரு சார்பு வரைபடத்தை வரைந்துகொள்கிறது. பிறகு கோப்புகள் கடைசியாக மாற்றப்பட்ட நேரங்களை ஒப்பிடுகிறது. ஆப்ஜெக்ட் கோப்பைவிட மூலக் கோப்பு புதியதாக இருந்தால் மறுபடி கம்பைல் செய்யும், இல்லாவிட்டால் தொடாது. ஒன்றையொன்று சாராத வேலைகள் எவை என்பதும் அதே வரைபடத்தில் தெரிவதால், ‘-ஜே’ தேர்வு கொடுத்தால் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டவும் முடிகிறது. இத்தனை எளிய கருத்து அரை நூற்றாண்டாக நிலைத்திருப்பது பாராட்டத் தக்கது. ஃபெல்ட்மனுக்கு ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது 2003இல் கிடைத்தது.

குறைகளும் அதோடு சேர்ந்தே நிலைத்துவிட்டன. கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். வெற்றிடங்கள் போட்டால் மேக் மறுத்துவிடும், கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இது தவறான ஏற்பாடு என்பது ஃபெல்ட்மனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதற்குள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய கோப்புகள் கெட்டுவிடுமே என்று அதை மாற்றாமல் விட்டுவிட்டார். நேரத்தை நம்புவதும் ஆபத்தில்லாதது அல்ல. கோப்புகள் பிணையத்தில் வேறொரு கணினியில் இருந்து, இரண்டின் கடிகாரங்களும் ஒத்துப்போகாவிட்டால், புதியது எது பழையது எது என்பதே குழம்பிவிடும். எல்லாவற்றிலும் மோசமானது, எழுதாமல் விட்ட சார்பு. ஒரு ஹெடர் கோப்பை மாற்றியும், அதைச் சார்ந்த ஒரு சி கோப்பு மறுபடி கம்பைல் ஆகாவிட்டால், நிரலின் ஒரு பாதி பழைய அமைப்பையும் மறுபாதி புதிய அமைப்பையும் நம்பி ஓடும். ஜான்சனின் காலைப்பொழுது அப்படியே திரும்பி வரும். அதனால்தான் இன்றைய கம்பைலர்கள், எந்தக் கோப்பு எந்த ஹெடர்களைப் படித்தது என்ற பட்டியலைத் தாமே எழுதி மேக்குக்குக் கொடுக்கின்றன.

கணினியைக் கேட்டறிதல்

1980களில் யூனிக்ஸ் ஒரே இயங்குதளமாக இருக்கவில்லை. பெர்க்லியின் பிஎஸ்டி ஒரு பக்கம், ஏடி அண்ட் டியின் சிஸ்டம் ஃபைவ் மறுபக்கம், ஒவ்வொரு கணினி நிறுவனத்தின் கலவை நடுவில். ஒரு சரத்தில் ஓர் எழுத்தைத் தேடும் ஃபங்ஷனுக்கு ஒன்றில் ‘இண்டெக்ஸ்’ என்று பெயர், மற்றதில் ‘ஸ்டர்சிஎச்ஆர்’. ஹெடர் கோப்பின் பெயரும் வேறு. மூலநிரலைப் பெற்றவர் மேக்ஃபைலைத் திறந்து, தம் கணினிக்குப் பொருந்தும் வரிகளைக் கையால் திருத்த வேண்டியிருந்தது. லுவா இன்றும் இந்தப் பழைய மரபுக்கு நெருக்கமானது: ‘மேக் லினக்ஸ்’ என்றோ ‘மேக் ஃப்ரீபிஎஸ்டி’ என்றோ தளத்தின் பெயரைச் சொல்லிக் கட்டலாம். தூய சி மொழியை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஒரு மென்பொருளுக்கு இது போதுமானதாக இருக்கிறது. பெரிய மென்பொருள்களுக்குப் போதவில்லை.

லேரி வால் 1984 வாக்கில் தம்முடைய ‘ஆர்என்’ நிரலுடன், கணினியை ஆராய்ந்தும் பயனரைக் கேள்வி கேட்டும் அமைப்பை அறிந்துகொள்ளும் ஒரு ஸ்கிரிப்டை அனுப்பினார். பின்னாளில் அவருடைய பெர்ல் மொழிக்கும் அதே முறை வந்தது. 1991இல் டேவிட் மெக்கன்சி எழுதிய ‘ஆட்டோகான்ஃப்’ இதைப் பொதுக் கருவியாக்கியது. அதன் அடிப்படைக் கருத்து அழகானது: தளத்தின் பெயரைக் கேட்டு ஊகிக்காதே, திறனைச் சோதித்துப் பார். ஆட்டோகான்ஃப் உருவாக்கும் ‘கன்ஃபிகர்’ ஸ்கிரிப்ட், ஒரு ஃபங்ஷன் இருக்கிறதா என்று அறிய, அதை அழைக்கும் மிகச் சிறிய சி நிரல் ஒன்றை எழுதிக் கம்பைல் செய்து பார்க்கிறது. கட்டிவிட்டால் இருக்கிறது, கட்டாவிட்டால் இல்லை. திரையில் ஓடும் நூற்றுக்கணக்கான ‘சரிபார்க்கிறது… ஆம்’ வரிகள் ஒவ்வொன்றின் பின்னாலும் இத்தகைய சோதனை ஒன்று இருக்கிறது. முடிவுகள் ஒரு ஹெடர் கோப்பிலும் மேக்ஃபைலிலும் எழுதப்படும். சோதனை தோற்ற காரணம் ‘கன்ஃபிக்.லாக்’ என்ற கோப்பில் முழுமையாகப் பதிவாகும். கட்டுமானம் நின்றுபோனால் முதலில் திறக்க வேண்டிய கோப்பு அதுவே; பலரும் கடைசியில் திறப்பதும் அதுவே.

எந்தப் பழைய யூனிக்ஸிலும் ஓட வேண்டும் என்பதற்காக அந்த ஸ்கிரிப்ட் மிகப் பழைய ஷெல் மொழியில் எழுதப்படுகிறது. எம்4 என்ற மேக்ரோ மொழியிலிருந்து இயந்திரத்தால் உருவாக்கப்படுவதால், ஆயிரக்கணக்கான வரிகள் நீண்டு, மனிதர் எவரும் படிக்காததாகிவிட்டது. 2000இல் வந்த சிமேக்கும் பின்னால் வந்த மெசானும் இதற்கு மாற்றாக எழுந்தவை. திறனைச் சோதித்துப் பார்க்கும் கருத்தை அவையும் விடவில்லை.

சோதனைகள் தோற்பதற்கு மிகப் பொதுவான காரணம், தேவையான ஹெடர் கோப்பு இல்லாமை. லுவாவின் 5.3 பதிப்பு வரை லினக்ஸில் கட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: கட்டளை வரியைத் திருத்த உதவும் ‘ரீட்லைன்’ லைப்ரரியின் ஹெடரைக் காணவில்லை என்று கம்பைலர் நின்றுவிடும். ரீட்லைன் அந்தக் கணினியில் ஏற்கெனவே இருக்கும். ஆனால் டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்கள் ஒரு லைப்ரரியை இரண்டு பொதிகளாகப் பிரிக்கின்றன. நிரலை ஓட்டத் தேவையான பகுதி ஒன்று, கம்பைல் செய்யத் தேவையான ஹெடர்கள் மற்றொன்று. இரண்டாவதன் பெயர் டெபியனில் ‘-டெவ்’ என்றும் ஃபெடோராவில் ‘-டெவல்’ என்றும் முடியும். அதை நிறுவினால் தடை நீங்கும். 5.4 பதிப்பில் லுவாவின் ஆசிரியர்கள், ரீட்லைன் வேண்டுபவர்களுக்கு ‘லினக்ஸ்-ரீட்லைன்’ என்று தனி இலக்கு வைத்துவிட்டார்கள்.

நிறுவுதல்

கட்டி முடித்ததும் ‘மேக் இன்ஸ்டால்’ கோப்புகளை உரிய இடங்களில் வைக்கிறது. வழக்கமான இடம் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ அடைவு. இயங்குதளம் தன் சொந்தக் கோப்புகளை அங்கே வைப்பதில்லை என்ற மரபு இருப்பதால், கையால் கட்டியவை இயங்குதளத்தின் கோப்புகளோடு மோதாது. அங்கே எழுத ரூட் அதிகாரம் வேண்டும். ஆனால் அந்த அதிகாரம் இந்தக் கடைசிப் படிக்கு மட்டுமே தேவை. கன்ஃபிகரையும் மேக்கையும் ரூட்டாக ஓட்டுவது, முன்பின் அறியாத ஒரு ஸ்கிரிப்டிடம் கணினியின் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். ‘பிரிஃபிக்ஸ்’ தேர்வின் வழியாகத் தம் வீட்டு அடைவையே இலக்காகக் கொடுத்துவிட்டால், நிறுவுவதற்கும் அதிகாரம் தேவையில்லை.

புதிதாக நிறுவிய பகிர்வு லைப்ரரியை ஏற்றி உடனே கண்டுபிடிப்பதில்லை. லினக்ஸில் லைப்ரரிகளின் இடங்கள் ஒரு பட்டியலில் சேமிக்கப்பட்டிருக்கும். ‘எல்டிகன்ஃபிக்’ கட்டளையால் அதைப் புதுப்பிக்க வேண்டும். கட்டும்போது பிழையே காட்டாத நிரல், ஓட்டும்போது லைப்ரரி இல்லை என்று நின்றால், பெரும்பாலும் இதுவே காரணம்.

கையால் கட்டுவதில் உண்மையான தொல்லை நீக்கும்போது வருகிறது. எந்தக் கோப்பு எங்கே போனது என்று எவரும் கணக்கு வைத்திருப்பதில்லை. பொதி மேலாளர்கள் பிறந்தது இந்தக் கணக்கை வைக்கவே. மூலநிரல் மரபையும் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்தது ஃப்ரீபிஎஸ்டியின் ‘போர்ட்ஸ்’. ஜோர்டன் ஹப்பர்ட் 1990களின் முற்பகுதியில் தொடங்கிய இந்தத் தொகுப்பில், ஒவ்வொரு மென்பொருளுக்கும் எங்கிருந்து இறக்குவது, என்னென்ன ஒட்டுகள் போடுவது, எப்படிக் கட்டுவது என்பது ஒரு மேக்ஃபைலில் இருக்கும். டேனியல் ராபின்ஸின் ஜென்டூ லினக்ஸ் 2002இல் முதல் பதிப்பாக வந்து, முழு இயங்குதளத்தையும் பயனரின் கணினியிலேயே கட்டும் வழியைத் திறந்தது. மீஉயர் கணினிகளில் இன்றும் மூலநிரலிலிருந்து கட்டுவதே முறை. அங்குள்ள பிராசஸரின் ஒவ்வொரு திறனையும் பயன்படுத்தக் கட்டிய நிரலுக்கும், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாகக் கட்டிய நிரலுக்கும் வேகத்தில் கணிசமான வேறுபாடு இருக்கும். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான ‘ஸ்பேக்’ இதற்கென்றே அமைந்தது.

எதை நம்பிக் கட்டுவது

மூலநிரலிலிருந்து கட்டுபவர், தாம் ஓட்டுவது தாம் படிக்கக்கூடிய உரையிலிருந்து பிறந்தது என்று நம்புகிறார். அந்த நம்பிக்கை பல அடுக்குகளைக் கொண்டது. ஒவ்வொரு அடுக்கிலும் அது தனியே சோதிக்கப்பட்டிருக்கிறது.

மேல் அடுக்கு, இறக்கிய டார் கோப்பு. 2024 மார்ச் 29 அன்று, போஸ்ட்கிரெஸ் தரவுத்தள வல்லுநரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், ‘எக்ஸ்இசட்’ சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு ரகசியக் கதவு இருப்பதை வெளியிட்டார். எஸ்எஸ்எச் வழியாக நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் தேடிக்கொண்டுபோனதில் அது அகப்பட்டது. கதவின் பெரும்பகுதி, சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் சுருக்கப்பட்ட பைனரிகளுக்குள் ஒளிந்திருந்தது. அதை எழுப்பும் எம்4 வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியிடப்பட்ட டார் கோப்பில் மட்டுமே இருந்தன. கன்ஃபிகர் ஸ்கிரிப்டை எவரும் படிப்பதில்லை என்ற பழைய குறை இங்கே ஆயுதமாகிவிட்டது. 64 பிட் இன்டெல் வகை லினக்ஸில், ஜிசிசியைக் கொண்டு, டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாகக் கட்டும்போது மட்டுமே அது விழித்துக்கொண்டது. மூலநிரலைத் தம் கையால் கட்டியவரிடம் அது வாய் திறக்கவில்லை. டார் கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்ப்பதும் உதவியிருக்காது. கதவை வைத்தவர் அந்தத் திட்டத்தின் நம்பிக்கையைப் பெற்ற பராமரிப்பாளரே.

அடுத்த அடுக்கு, கட்டித் தரப்படும் பைனரி. வெளியிடப்பட்ட மூலநிரலிலிருந்துதான் அது வந்தது என்று வெளியார் எப்படிச் சரிபார்ப்பது? தாமும் கட்டிப் பார்த்து, இரண்டும் பைட்டுக்கு பைட் ஒன்றா என்று ஒப்பிடலாம். ஆனால் ஒரே மூலநிரலை இருமுறை கட்டினாலே இரண்டு கோப்புகள் வேறுபடுவது வழக்கமாக இருந்தது. கட்டிய நேரம், அடைவின் பெயர், கோப்புகளை வட்டு எடுத்துத்தரும் வரிசை எல்லாம் பைனரிக்குள் கசிந்துவிடும். 2013 முதல் டெபியன் வல்லுநர்கள் இந்தக் கசிவுகளை ஒவ்வொன்றாக அடைத்து வருகிறார்கள். நேரத்தை நிலைநிறுத்த ஒரு பொதுச் சூழல் மாறி வகுக்கப்பட்டது. கம்பைலர்களும் ஆவணக் கருவிகளும் அதை மதிக்கத் தொடங்கின. இந்தப் பொறுமையான வேலை பரபரப்பு எதையும் எழுப்பாதது. அது இல்லாவிட்டால் திறந்த மூலநிரல் என்ற வாக்குறுதியைச் சோதிக்க வழியே இருந்திருக்காது.

அடியில் இருப்பது கம்பைலர். தாம்சன் தம் டியூரிங் விருது உரையில் இதைத்தான் எடுத்துக்கொண்டார். உரை 1984இல் அச்சானது. சி கம்பைலர் சி மொழியிலேயே எழுதப்படுகிறது. அதைக் கட்ட ஒரு பழைய கம்பைலர் வேண்டும். அந்தப் பழைய பைனரியில் இரண்டு தந்திரங்கள் இருப்பதாகக் கொள்வோம். நுழைவு நிரலைக் கம்பைல் செய்யும்போது ரகசியக் கடவுச்சொல்லைச் சேர்ப்பது ஒன்று. கம்பைலரையே கம்பைல் செய்யும்போது இந்த இரண்டு தந்திரங்களையும் மறுபடி சேர்ப்பது மற்றொன்று. மூலநிரலில் அவற்றின் சுவடே இருக்காது. எத்தனை தலைமுறை கடந்தாலும் பைனரியிலிருந்து பைனரிக்கு அவை தாவிக்கொண்டே போகும்.

ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனு திட்டத்திலிருந்து 1987இல் வெளிவந்த ஜிசிசி, தன்னை மூன்று கட்டங்களில் கட்டிக்கொள்கிறது. கணினியில் இருக்கும் ஏதோவொரு கம்பைலர் முதல் கட்டத்தைக் கட்டுகிறது. அது கட்டிடத்துக்குக் கட்டும் சாரம் போன்றது. வேலை முடிந்ததும் கழற்றப்படும். முதல் கட்டம் இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும் கட்டும். கடைசி இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கப்படும். இந்த ஒப்பீடு கம்பைலரின் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும். தாம்சன் சொன்ன தந்திரத்தைக் காட்டாது, ஏனென்றால் தந்திரம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். அதற்கு விடையாக டேவிட் வீலர் 2005இல் விவரித்த முறை வேறொரு கம்பைலரைத் துணைக்கு அழைக்கிறது. தொடர்பில்லாத இரண்டாவது கம்பைலரைக் கொண்டு அதே மூலநிரலைக் கட்டி, வந்த கம்பைலரால் மீண்டும் ஒருமுறை கட்டினால், கிடைப்பது சந்தேகத்துக்குரிய பைனரியோடு பைட்டுக்கு பைட் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஏதோ ஒளிந்திருக்கிறது.

2023இல் குனு கிக்ஸ் திட்டம் இன்னும் அடியிலிருந்து தொடங்கியது. அதன் தொடக்க விதை 357 பைட் கொண்ட ஒரு பைனரி. ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பைட்டாகப் படித்து விளங்கிக்கொள்ளக்கூடிய அளவு. பதினாறடிமான எண்களைப் படித்துக் கோப்பாக்குவது மட்டுமே அதன் வேலை. அதைக் கொண்டு சற்றுப் பெரிய அசெம்ப்ளர், அதைக் கொண்டு சிறு சி கம்பைலர், பிறகு மெஸ், டைனி சி, ஜிசிசி 2.95 என்று படிப்படியாக ஏறி, இன்றைய ஜிசிசியும் அதன்மேல் நிற்கும் பல்லாயிரம் பொதிகளும் கட்டப்படுகின்றன. அந்தக் கட்டுமானத்தை நடத்திவைக்கும் ‘கைல்’ மொழிபெயர்ப்பியும், கீழே ஓடும் லினக்ஸ் கர்னலும் மட்டும் முன்கூட்டியே கட்டப்பட்ட பைனரிகளாக அந்த வரிசைக்கு வெளியே இருந்தன.